அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்: அமெரிக்கக் கோடை உணவுத் திட்டம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் பள்ளி நடக்கும் நாட்களில் ஏறத்தாழ 2 கோடிப் பிள்ளைகள் இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு சாப்பிடுகிறார்கள். ஜூன் மாதம் பள்ளி மூடியதும் அந்தச் சாப்பாடு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பவென்றே மத்திய அரசின் திட்டம் ஒன்று அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. அதற்குப் பணமும் இருக்கிறது. ஆனால் பள்ளி நாளில் சாப்பிட்ட ஏழு பிள்ளைகளில் ஒருவர்தான் (ஆண்டைப் பொறுத்துச் சற்றுக் கூடக் குறைய) கோடையில் அந்த உணவை உண்கிறார். மீதி ஆறு பேருக்கு அது ஏன் எட்டவில்லை?

இந்த வேலையில் சமையல் சின்ன வேலை. பிள்ளைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் பெரிய வேலை. அந்தத் தூரத்தைக் கடக்க விடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு விதி: உணவைக் கொடுக்கும் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அந்த விதியால் பட்டினி கிடந்த பிள்ளைகள் உண்டு. அந்த விதியைத் தளர்த்தியபோது கோடிக்கணக்கான டாலர் களவு போனதும் உண்டு.

விதி இறுகிய கதை

1968-ல் மூன்றாண்டுச் சோதனையாகத் தொடங்கிய திட்டம் 1975-ல் ‘கோடை உணவுச் சேவைத் திட்டம்’ என்று தனியாகப் பிரிந்தது. மத்திய வேளாண் துறை பணம் தருகிறது, மாநில அரசு மேற்பார்வை செய்கிறது. பள்ளி நிர்வாகம், நகராட்சி, தொண்டு நிறுவனம், முகாம் நடத்துவோர் ஆகியோரில் யாராவது ஸ்பான்சராகப் பொறுப்பேற்கிறார்கள். பூங்கா, நூலகம், தேவாலயம், குடியிருப்பு வளாகம் போன்ற இடங்களில் ஸ்பான்சர் உணவு மையங்களை நடத்துகிறார்.

தொடக்கம் முதலே பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி உண்பதாகத்தான் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. 1970-களின் நடுவில் நியூயார்க் போன்ற பெருநகரங்களில் தனியார் ஒப்பந்தக்காரர்கள் வழியே பொட்டலங்கள் வந்து குவிந்தன. காகிதத்தில் எண்ணிக்கை ஏறியது, பிள்ளைகள் வயிற்றில் அந்த அளவு போகவில்லை. மத்தியத் தணிக்கை அலுவலகத்தின் 1977-ம் ஆண்டு அறிக்கை இந்த முறைகேடுகளை வெளிக்கொண்டு வந்தது. குப்பைக்குப் போன உணவு, மையத்தைவிட்டு வெளியே போன பொட்டலம், பெரியவர்கள் தின்ற பிள்ளைகளின் பங்கு என்று எல்லாம் வெளிப்பட்ட பிறகு கண்காணிப்பு இறுகியது.

1981-ல் அடுத்த அடி விழுந்தது. அதுவரை ஒரு பகுதியில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வறுமை வரம்புக்குள் இருந்தால் அங்கே மையம் திறக்கலாம். பட்ஜெட் சட்டம் அதைப் பாதியாக உயர்த்தியது, தனியார் தொண்டு நிறுவனங்களையும் வெளியேற்றியது. நகரத்துச் சேரிகளுக்கு இது பெரிய தடையில்லை, அங்கே ஏழைகள் நெருங்கி வாழ்கிறார்கள். கிராமத்தில் ஏழை வீடும் வசதியான வீடும் கலந்து கிடக்கும், பாதி என்ற கணக்கு அங்கே அவ்வளவு எளிதில் தேறாது. தொண்டு நிறுவனங்கள் 1989-ல் திரும்பி வந்தன. 50 சதவீதக் கணக்கு மட்டும் இன்றுவரை நிற்கிறது. இந்த ஆய்வில் எந்த மாற்றத்தையாவது கண்மூடிப் பரிந்துரைக்கலாம் என்றால், அந்த வரம்பை மீண்டும் கீழே இறக்குவதைத்தான் சொல்வோம்.

ஒரு மையம் நடக்கும் விதம்

அக்கம்பக்கத்துப் பள்ளியின் கணக்கையோ மக்கள்தொகைக் கணக்கையோ வைத்து, அந்தப் பகுதியில் குறைந்தது பாதிப் பிள்ளைகளாவது இலவச அல்லது சலுகை உணவுக்குத் தகுதி உள்ளவர்கள் என்று முதலில் காட்ட வேண்டும். சலுகைக்கான மேல்வரம்பு வறுமைக் கோட்டின் 185 சதவீத வருமானம். ஒருமுறை காட்டினால் ஐந்தாண்டுக்குப் போதும். அதன்பின் அது ‘திறந்த மையம்’: 18 வயது வரை உள்ள யாரும் வரலாம். பெயர் கேட்பதில்லை, படிவம் இல்லை, வருமானச் சான்று இல்லை, குடியுரிமைக் கேள்வியும் இல்லை. திட்டத்தின் மிக நல்ல பகுதி இதுதான். வாசலில் ஒரு பதிவேட்டை வைத்துப் பெயர் எழுதச் சொன்னாலே, ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளை மறுநாள் வராது. அப்படி ஒரு பதிவேடு தேவையே இல்லை என்பது பல புதிய ஸ்பான்சர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு மையம் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு வேளை தரலாம், மதிய உணவும் இரவு உணவும் சேர்ந்து வரக் கூடாது. முகாம்களுக்கு மூன்று வேளை வரை உண்டு. மதிய உணவில் கட்டாயம் இருக்க வேண்டியவை: 8 அவுன்ஸ், அதாவது சுமார் 236 மில்லி பால், இரண்டு வகைப் பழமோ காயோ சேர்ந்து முக்கால் கப், ஒரு துண்டு ரொட்டி அல்லது அரைக் கப் சோறு, 2 அவுன்ஸ் (எடையில், சுமார் 57 கிராம்) இறைச்சி அல்லது அதற்கு ஈடான புரதம். ஒரு பெரிய முட்டை, அரைக் கப் வெந்த பயறு, 2 அவுன்ஸ் சீஸ், 8 அவுன்ஸ் தயிர், 4 மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய், இவற்றில் எதுவும் அந்த 2 அவுன்ஸுக்கு ஈடு.

50 பிள்ளைகளுக்குச் சோறும் பீன்ஸும் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். வெந்த சோறு 25 கப் வேண்டும், அதற்கு ஒன்றரைக் கிலோ அரிசி போதும். வெந்த பீன்ஸும் 25 கப், காய்ந்த பயறாக 2 கிலோவுக்குச் சற்று மேல். தர்பூசணி 25 கப், கேரட் 12½ கப். பால் 50 சின்னப் பெட்டி, ஏறத்தாழ 12 லிட்டர். பட்டியலைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சமையலில் கால்வாசிகூட இல்லை. சோறும் பயறும் மலிவு, பால்தான் எடையிலும் குளிரிலும் ஆளைக் கொல்லும். பால் குறைந்தாலும் வேலை கெட்டது. 50 பிள்ளைக்கு 46 பெட்டி வந்தால், மீதி நான்கு சாப்பாடு முழுமையற்றவை, அவற்றுக்குப் பணம் கிடையாது.

அளவில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் நடப்பவை. நிலக்கடலை வெண்ணெயை மட்டும் நம்பினால் ஒரு சாண்ட்விச்சில் 4 மேசைக்கரண்டி தடவ வேண்டியிருக்கும். எந்தப் பிள்ளையும் அதைத் தின்று முடிக்காது. இரண்டு கரண்டி தடவி, கூட 1 அவுன்ஸ் சீஸ் துண்டு வைப்பதே வழக்கம். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு சூரியகாந்தி விதை வெண்ணெய் ஒரு டப்பா தனியாக இருக்கட்டும், அதற்குத் தனிக் கரண்டியும் வேண்டும். கடையில் வாங்கும் வான்கோழித் துண்டுகளில் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள், 2 அவுன்ஸ் எடை போட்டால் 2 அவுன்ஸ் கணக்கு வராது. ஒரு பொட்டலம் எத்தனை அவுன்ஸ் இறைச்சிக்குக் கணக்காகும் என்று காட்டும் சிஎன் (குழந்தை ஊட்டச்சத்து) லேபிளோ தயாரிப்பாளரின் விவரத் தாளோ இல்லாமல் வாங்கவே கூடாது. பழச்சாறு பழம்-காய் அளவில் பாதிக்கு மேல் கணக்காகாது என்பதை மறந்து, வெயில் காலம்தானே என்று சாறு பெட்டிகளை அடுக்கிவிடுகிறவர்களும் உண்டு.

வெயில் இன்னொரு எதிரி. குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், சூடான உணவு 57 டிகிரிக்கு மேலும் நிற்க வேண்டும். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால், இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கும் உணவுக்கு ஒரு மணி நேரம்தான் ஆயுள். சமையலறையை விட்டுக் கிளம்பும்போது, மையத்தில் இறக்கும்போது, பரிமாறத் தொடங்கும்போது என மூன்று முறை வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுத வேண்டும். பால் பெட்டியை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவதற்காக ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தே வைத்திருப்பது எல்லா மையங்களிலும் நடக்கும் தவறு. பாதிப் பாலைச் சின்ன ஐஸ் பெட்டி ஒன்றில் வைத்துவிட்டு, பெரிய ஐஸ் பெட்டியை மூடியே வைத்தால் தீர்ந்தது.

எண்ணிக்கை

திட்டம் பணம் தருவது சமைத்த சாப்பாட்டுக்கு அல்ல, பிள்ளையின் கைக்குப் போன சாப்பாட்டுக்கு. அண்மைய ஆண்டுகளில் மதிய உணவுக்கு ஏறத்தாழ 5 டாலர். பிள்ளை உணவைக் கையில் வாங்கும் அந்த நொடியில், அச்சிட்ட எண் தாளில் ஓர் எண்ணை அடிக்க வேண்டும். வந்த பொட்டலத்திலிருந்து மிஞ்சியதைக் கழித்து மாலையில் எழுதுவது எளிது, கணக்கும் சரியாகத்தான் வரும், ஆனால் தணிக்கையில் அந்த நாள் முழுதும் அடிபடும். கீழே விழுந்தது, பெரியவருக்குக் கொடுத்தது, பால் இல்லாமல் போனது எல்லாம் அந்தக் கழித்தலில் பிள்ளைகள் உண்டதாகக் கலந்துவிடும் என்பதே காரணம்.

எத்தனை செய்வது? 60 செய்து 42 பிள்ளைகள் வந்தால், 18 சாப்பாட்டின் செலவு ஸ்பான்சர் தலையில். 42 செய்து 50 பேர் வந்தால் எட்டுப் பிள்ளைகள் பசியோடு திரும்புவார்கள், அவர்களில் பலர் மறுநாள் வரமாட்டார்கள். இரண்டாவது பிழை மோசமானது. பசியோடு திரும்பிய பிள்ளை வீட்டில் சொல்லும், அந்தத் தெருவே வராமல் போகும். இரண்டாவது முறை கேட்கும் பிள்ளைகளுக்குத் தருவதை மொத்தத்தில் 2 சதவீதம் வரை கணக்கில் காட்டலாம் என்ற சலுகை உண்டு. முந்தைய ஐந்து நாள் சராசரிக்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்வதும், மிஞ்சுவதைப் பக்கத்து மையத்துக்கு மாற்ற ஒரு வண்டியைத் தயாராக வைப்பதும் கைகண்ட வழி. தொடாத பால், பிரிக்காத பழம் ஆகியவற்றைப் பிள்ளைகளே வைத்துவிட்டுப் போகப் பகிர்வு மேசை ஒன்று போடலாம், இன்னும் பசிக்கும் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

பெரியவர்கள் விஷயம்தான் மனதை உறுத்துவது. மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்க்கும் பசிக்கும். அவள் பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தால் மையப் பொறுப்பாளர் தடுக்க வேண்டும் என்கிறது விதி. அதை வாயால் சொல்லித் தடுப்பதைவிட, உள்ளூர் நன்கொடையில் நாளுக்குப் பத்துப் பெரியவர் சாப்பாட்டைத் தனிக் கணக்கில் ஏற்பாடு செய்வது ஆயிரம் மடங்கு மேல். தாய்க்குச் சாப்பாடு உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகளும் தவறாமல் வருவார்கள்.

புதிய மையத்தை முதல் இரண்டு வாரத்துக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எல்லா மையத்தையும் முதல் நான்கு வாரத்துக்குள் ஒருமுறை முழுதாக ஆய்வு செய்ய வேண்டும். இதைச் சடங்காகச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொட்டலம் இறங்குவதைப் பார்க்கப் போகாதீர்கள். பரிமாறும் நேரத்தின் கடைசிக் கால் மணியில் போங்கள், எல்லாக் கோளாறும் அப்போதுதான் தெரியும்.

தூரம்

பள்ளி நாளில் பிள்ளையை வீட்டு வாசலிலிருந்து மஞ்சள் பேருந்து கூட்டிப் போகிறது. கோடையில் அந்தப் பேருந்து ஓடாது. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை ஐந்து வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு, நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையோரம் நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்த்தது திட்டம். 12 மணி முதல் 1 மணி வரை என்று ஒப்புதல் வாங்கியிருந்தால், 1.10-க்கு வந்த பிள்ளைக்குக் கொடுத்ததற்குப் பணம் இல்லை.

நகரத்தில் இதற்கு வழி கண்டார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே போகும் இடத்தில் மையத்தை வைத்தார்கள்: நூலகம், நீச்சல் குளம், விளையாட்டு முகாம். உணவு மட்டும் உள்ள இடத்தைவிட, விளையாட்டோ வாசிப்போ இருக்கும் இடத்தில் பிள்ளைகள் நிலையாக வருவார்கள். சாப்பாட்டுக்காக வந்தேன் என்று சொல்லக் கூச்சப்படும் பதின்வயதுப் பிள்ளைக்கு அது மறைப்பாகவும் இருக்கும்.

நாட்டுப்புறத்தில் பழைய பேருந்தின் இருக்கைகளைத் திருப்பி, நடுவே மேசை போட்டு, ஓடும் உணவுக்கூடமாக மாற்றினார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது நிமிடமாவது நிற்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் பத்து நிமிடம் தாமதமானால், ஐந்தாவது நிறுத்தத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு வண்டி, ஓட்டுநர், பரிமாறுபவர், டீசல் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் நாற்பது, ஐம்பது பிள்ளைகளைத்தான் தொட முடியும். சாப்பாட்டுக்கு இத்தனை என்று கிடைக்கும் தொகை அந்த ஓட்டத்துக்குக் கட்டாது.

2020

2020 மார்ச்சில் பள்ளிகள் ஒரே வாரத்தில் மூடின. கூடி உண்ண வழியில்லை, ஆகவே நாடாளுமன்றம் தந்த அதிகாரத்தில் வேளாண் துறை அந்த விதியை நாடு முழுக்க நிறுத்திவைத்தது. பெற்றோர் வந்து வாங்கிப் போகலாம், பல நாள் உணவை ஒரே பையில் தரலாம், வீட்டுக்கே கொண்டு போகலாம். ஐம்பது ஆண்டு எட்டாத பிள்ளைகளுக்கு உணவு எட்டியது. 2022 வரை இந்தத் தளர்வுகள் நீடித்தன.

நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வும் அதே காலத்தில் தளர்ந்தது. மினசோட்டாவில் ஃபீடிங் அவர் ஃபியூச்சர் என்ற ஸ்பான்சர் நிறுவனத்தின் கீழ் புதிது புதிதாக மையங்கள் முளைத்தன. சின்ன உணவகங்கள் நாளுக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உணவு தந்ததாகக் கணக்குக் காட்டின. பெயர்களைத் தானாக உருவாக்கித் தரும் இணையதளத்திலிருந்து எடுத்த பெயர்களும், கணினிச் சூத்திரத்தில் போட்ட வயதுகளும் பட்டியலில் இருந்ததாகக் குற்றப்பத்திரிகை சொன்னது. 2022 செப்டம்பரில் முதலில் 47 பேர் மீது வழக்கு வந்தது, களவின் மதிப்பு 25 கோடி டாலர் என்றார்கள். நிறுவனத்தின் தலைவர் 2025 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானார்.

இந்த வழக்கைக் காட்டி, வீட்டுக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பவர்கள் பலர். நாங்கள் அதை ஏற்கவில்லை. 1970-களில் விதி முழு பலத்தோடு இருந்தபோதே களவு நடந்தது. இரண்டு காலத்துக்கும் பொதுவானது ஒன்றுதான்: கொடுத்த இடத்தைப் பார்க்க ஆள் போகவில்லை. ஒரு சின்ன ஊரின் உணவகம் அந்த ஊரில் உள்ள பிள்ளைகளைவிட அதிகப் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதினால், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். எத்தனை லிட்டர் பால் வாங்கினீர்கள் என்று கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும். நாளுக்கு 3,000 சாப்பாடு என்றால் 700 லிட்டருக்கு மேல் பால் வர வேண்டும், அவ்வளவு பாலை ரசீது இல்லாமல் யாரும் இறக்க முடியாது.

வீட்டுக்குப் போகும் பை

2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. கிராமப்புறத்தில், கூடி உண்ணும் மையம் இல்லாத இடங்களில், உணவை வீட்டுக்குக் கொடுக்க 2023 கோடை முதல் நிரந்தர அனுமதி. ஒரே முறையில் பத்து நாள் உணவு வரை தரலாம். வீட்டு வாசலுக்குக் கொண்டு போவதானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஒரே பிள்ளைக்கு இரண்டு இடத்தில் வாங்காமலிருக்க ஸ்பான்சர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

பத்து நாள் என்பது காகிதத்தில் நன்றாக இருக்கிறது. காலை, மதியம் என்று கணக்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 20 பால் பெட்டி, 4.7 லிட்டர். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 14 லிட்டர் பால், அதன்மேல் பழம், சீஸ், முட்டை. டிரெய்லர் வீட்டின் சின்னக் குளிர்பெட்டியில் அது அடங்காது, பாதி கெட்டுப்போகும். ஐந்து நாளைக்கு ஒரு முறை கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். குளிர்பெட்டி தேவைப்படாத, வெளியிலேயே நிற்கும் பால் கிடைத்தால் அதை வாங்குங்கள். பைக்குள் எதை எந்த நாளில் சாப்பிட வேண்டும் என்று ஒரு தாள் வையுங்கள், முதல் இரண்டு நாளுக்குக் கெடும் பொருள், பிறகு ஆப்பிள், கேரட், டப்பாப் பீன்ஸ். தாள் ஸ்பானிய மொழியிலும் இருக்கட்டும்.

இரண்டாவது கதவு பண அட்டை. 2024 கோடையிலிருந்து தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 40 டாலர், கோடைக்கு 120 டாலர், மளிகை வாங்கும் அட்டையில் வருகிறது. இதற்கு முன் 2011-ல் தொடங்கிய சோதனையில் மாதம் 60 டாலர் கொடுத்துப் பார்த்ததில், பிள்ளைகளிடையே மிகக் கடுமையான உணவுத் தட்டுப்பாடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் முதல் ஆண்டில் சேரவில்லை. அட்டைப் பணம் முழுதும் மத்திய அரசுடையது, நிர்வாகச் செலவில் பாதியை மட்டும் மாநிலம் ஏற்க வேண்டும். அயோவா ஆளுநர் குழந்தைகளின் உடற்பருமனைக் காரணம் காட்டி மறுத்தார். நெப்ராஸ்கா முதலில் மறுத்துவிட்டு 2024 பிப்ரவரியில் மனம் மாறிச் சேர்ந்தது.

அட்டையிலும் ஓர் ஓட்டை உண்டு. ஏழைகள் நிறைந்த பள்ளிகள் பலவற்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்பதால், குடும்பங்களிடம் வருமானப் படிவம் வாங்குவதே இல்லை. அரசின் வேறு உதவித் திட்டங்களில் இருக்கும் குடும்பத்துக்கு அட்டை தானாக வரும். அதில் இல்லாத குடும்பம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பள்ளியின் கடைசி வாரத்தில், மதிப்பெண் அட்டையோடு அந்தப் படிவத்தையும் பையில் போட்டு அனுப்புவதுதான் வழி. அட்டைப் பணத்தை 122 நாளுக்குள் செலவழிக்காவிட்டால் அது அரசுக்கே திரும்பிவிடும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஆகஸ்ட்

கடைசியாக, நாட்காட்டி. கோடை வகுப்புகளை ஒட்டியே பெரும்பாலான மையங்கள் நடப்பதால், ஜூலை கடைசியில் வகுப்பு முடிந்ததும் மையமும் மூடும். பள்ளி திறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும், சில மாநிலங்களில் செப்டம்பர் முதல் வாரம் வரை போகும். வீட்டில் கோடைச் செலவும் பள்ளிச் சாமான் செலவும் சேரும் நேரம் அது. ஐந்து மையம் நடத்தும் ஸ்பான்சர், ஆகஸ்டில் ஐந்தையும் மூடாமல் நடுவில் உள்ள ஒன்றையாவது பள்ளி திறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்க வேண்டும். பள்ளிச் சமையலறை பராமரிப்புக்காகப் பூட்டியிருக்கும் என்பதால் அந்த வாரங்களுக்குக் குளிர் உணவு, வேறொரு சமையலறை, 40 பால் பெட்டி கொள்ளும் ஐஸ் பெட்டிகள் ஆகியவற்றை ஏப்ரல் மாதத்திலேயே ஏற்பாடு செய்துவிட வேண்டும். மூடும் மற்ற நான்கு மையங்களின் கதவிலும், திறந்திருக்கும் ஒன்றின் முகவரியும் நேரமும் மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.